எல்லா கால்பேக்குக்கும் இன்டெக்ஸையும் சேர்த்து அனுப்பலாமா?

கேட்டவர்:
தமிழ்ச் சொற்களிலேயே நிரல் எழுதும்படி ஒரு சின்ன மொழி செய்துகொண்டிருக்கிறேன். பட்டியலின் ஒவ்வொரு உறுப்பையும் மாற்றித் தரும் மாற்று, வேண்டிய உறுப்புகளை மட்டும் எடுக்கும் வடிகட்டு இரண்டும் ஓடுகின்றன. இன்டெக்ஸும் (பட்டியலில் உறுப்பின் இட எண், 0-விலிருந்து) வேண்டுமே என்று ஜாவாஸ்கிரிப்ட் மாதிரி எல்லா கால்பேக்குக்கும் (ஒவ்வொரு உறுப்புக்கும் அழைக்கும்படி இவற்றிடம் கொடுக்கும் ஃபங்ஷன்) அதை இரண்டாவது ஆர்க்யுமென்டாக அனுப்புகிறேன். இப்போது

["10", "10", "10"].மாற்று(எண்ணாக்கு)

என்று போட்டால் 10, பிழை, 2 என்று வருகிறது. எழுத்தாக இருக்கும் எண்ணை எண்ணாக மாற்றும் எண்ணாக்கு தனியாகச் சரியாகத்தான் ஓடுகிறது. எங்கே பார்ப்பது?

பதில் 1:
எண்ணாக்கு இரண்டாவதாக அடிமானம் (பதின்மத்துக்கு 10, இருமத்துக்கு 2 என்பது போல) வாங்குகிறதா? அப்படியென்றால் அதுதான். முதல் "10"க்கு அடிமானம் 0 போகிறது, அதை உங்கள் நிரல் 10 என்று எடுத்துக்கொள்கிறது போல. அடுத்ததற்கு 1, அது செல்லாது. மூன்றாவதற்கு 2, இருமத்தில் "10" என்றால் இரண்டுதானே. ஜாவாஸ்கிரிப்டில் மேப்புக்குள் (அங்கே அதுதான் மாற்று) பார்ஸ்இன்ட்டை (எண்ணாக்கு) அப்படியே கொடுத்தாலும் இதே கூத்துதான், நடுவில் பிழைக்குப் பதில் நேன் (‘எண் அல்ல’ என்ற மதிப்பு) வரும்.

கேட்டவர்:
ஆமாம், வாங்குகிறது. அப்போ காட்லின் மொழி மாதிரி, இன்டெக்ஸ் வேண்டும்போது மட்டும் அழைக்க மாற்று_எண்ணுடன், வடிகட்டு_எண்ணுடன் என்று தனித்தனியாக வைத்துவிடட்டுமா?

பதில் 2:
வேண்டாங்க, ஒவ்வொரு மெத்தடுக்கும் ஒரு ஜோடி எழுதி மாளாது, காட்லினில் ஃபார்ஈச்இன்டெக்ஸ்ட், மேப்இன்டெக்ஸ்ட், ஃபில்டர்இன்டெக்ஸ்ட் என்று அது நீண்டுகொண்டே போவதைப் பாருங்கள். எனக்குப் பிடித்தது 2003-இல் பைத்தான் 2.3-இல் வந்த எனுமரேட் வழி: எண்ணையும் மதிப்பையும் ஜோடியாகத் தர ஒரே மெத்தட், மற்றதெல்லாம் அந்த ஜோடிகள் மேல் ஓடட்டும். தொடக்க எண்ணையும் கேட்டு வாங்குங்கள், திரையில் காட்டும்போது பெரும்பாலும் 1-லிருந்துதான் வேண்டியிருக்கும்.

இதில் இன்னொரு லாபம், எந்த எண் வேண்டும் என்பது எழுதும் வரிசையிலேயே தெரிந்துவிடும். [3, 8, 5, 6]-இல் இரட்டைப்படையை மட்டும் எடுப்பதாக வைத்துக்கொள்வோம்.

வடிகட்டிவிட்டு எண்ணிட்டால்: (0, 8), (1, 6)
எண்ணிட்டுவிட்டு வடிகட்டினால்: (1, 8), (3, 6)

கால்பேக்குக்குள் இன்டெக்ஸ் வந்தால் அது மூலப் பட்டியலின் எண்ணா, வடிகட்டியபின் வந்த எண்ணா என்று ஆவணத்தைப் புரட்ட வேண்டியிருக்கும்.

பதில் 1:
ஒன்று சேர்க்கிறேன். ஸ்லைஸ் (பட்டியலிலிருந்து எடுக்கும் ஒரு துண்டு) உண்டா உங்கள் மொழியில்? ஸ்விஃப்ட் மொழியில் எனுமரேட்டட் எப்போதும் 0-விலிருந்து எண்ணும், ஆனால் அர்ரேஸ்லைஸ் (அர்ரே என்னும் பட்டியலின் துண்டு) மூல அர்ரேயின் இன்டெக்ஸையே வைத்திருக்கும். 2-இல் தொடங்கும் ஸ்லைஸில் அந்த 0-வைப் போட்டு எடுக்கப் பார்த்தால் நிரல் அங்கேயே விழுந்துவிடும்.

கேட்டவர்:
ஸ்லைஸ் நகல்தான், 0-விலேயே தொடங்கும். எண்ணிடு(தொடக்கம்) சேர்த்தாயிற்று, மாற்றுக்கு இனி மதிப்பு மட்டும்தான் போகும். மூன்றும் 10 வருகிறது. நன்றி.