புதுப்பிப்பு: முட்டி போட முடியாதவனின் செபம்

முதுகு ஆபரேஷனுக்குப் பிறகு கடலுக்கும் போக முடியவில்லை, செபமும் வரவில்லை என்று தங்கச்சிமடத்திலிருந்து புலம்பியிருந்தேன் இல்லையா, அதன் தொடர்ச்சி இது. "விசுவாசம் குறைவு, அதான்" என்றவர்களுக்கு முதலில் ஒன்று: புனித பவுல் தன் உடலில் தைத்த முள் நீங்கும்படி மூன்று முறை மன்றாடினார், நீங்கவில்லை, அருள் போதும் என்றுதான் பதில் வந்தது (2 கொரிந்தியர் 12). பவுலுக்கே அப்படி! நம்ம ஓரியூரில் 1693-ல் தலை வெட்டப்பட்ட புனித அருளானந்தரும் (போர்ச்சுகலிலிருந்து வந்த குரு ஜான் டி பிரிட்டோ) சின்ன வயதில் நோஞ்சான்தான்.

சரி, நடந்ததற்கு வருகிறேன். பங்குச் சாமி (எங்கள் கோயில் பாதிரியார்) வீட்டுக்கு வந்து நோயில் பூசுதல், அதாவது நோயாளிக்கு எண்ணெய் பூசி மன்றாடும் திருச்சடங்கு, கொடுத்தார். எண்ணெயைப் பார்த்ததும் அம்மா அழுதே விட்டார்கள், அது சாகப்போகிறவர்களுக்கு மட்டும் என்ற நினைப்பு ஊரில் இன்னும் இருக்கிறது (பெரிய ஆபரேஷனுக்கு முன்னாடியும் வாங்கலாம்). வலி அப்படியேதான் இருக்கிறது. ஆனால் வலை இழுத்த காலத்தில் யாரிடமும் எதுவும் கேட்டறியாதவன், இப்போது செருப்பு மாட்டிவிடக்கூடத் தம்பியைக் கூப்பிடுகிறேன், அப்படிக் கேட்டுப் பழகித்தான் ஆண்டவரிடமும் கேட்க வந்தது.

அப்புறம், படுத்தபடி செபமாலை சொல்லலாமா என்று கேட்ட அக்கா, தாராளமாகச் சொல்லுங்கள், இடையில் தூங்கிப்போனாலும் பரவாயில்லை.