புதுப்பிப்பு: மங்கிய தமிழ் எழுத்துகள், காரணம் கிடைத்துவிட்டது

போன வாரம் கேட்டிருந்தேன்: லினக்ஸில் வேலண்டுக்கு (சாளரங்களைத் திரையில் காட்டும் புதிய முறை) மாறி, திரை அளவை 150% வைத்ததும் என் எடிட்டரில் மட்டும் தமிழ் மங்கலாகத் தெரிகிறதே, எழுத்துருவில் கோளாறா என்று. எழுத்துரு நன்றாகத்தான் இருக்கிறது.

பழைய எக்ஸ்11 முறையில் ஓடும் செயலிகளைப் பட்டியலிடும் 'எக்ஸ்எல்எஸ்கிளையன்ட்ஸ்' (xlsclients) கட்டளையை ஓட்டிப் பார்க்கச் சொன்ன நண்பருக்கு மனமார்ந்த நன்றி. வந்த பட்டியலில் அந்த எடிட்டரின் பெயர் இருந்தது. அதாவது, அது இன்னும் எக்ஸ்11 செயலியாக, எக்ஸ்வேலண்ட் (பழைய செயலிகளை வேலண்டில் ஓட வைக்கும் இடைப்பாலம்) வழியாகவே ஓடிக்கொண்டிருந்தது. சாளரத்தை அது 100% அளவில் வரைந்து கொடுக்கிறது. எல்லாச் சாளரங்களையும் சேர்த்துத் திரையில் காட்டும் கம்போசிட்டர் அந்தப் படத்தை ஒன்றரை மடங்கு இழுத்துப் பெரிதாக்குகிறது. 'ணு'வின் சுழிகள் அடைந்துபோய், 'ன்' மேலிருக்கும் புள்ளி சாம்பல் திட்டாகத் தெரிந்தது இதனால்தான்.

எடிட்டர் எலக்ட்ரானில் (குரோமியம் உலாவியை அடிப்படையாகக் கொண்ட செயலிச் சட்டகம்) எழுதப்பட்டது. தொடங்கும் கட்டளையில் ஓசோன் தளம் (எந்தத் திரை முறையில் வரைய வேண்டும் என்று சொல்லும் விருப்பம்) என்பதற்கு வேலண்ட் என்று கொடுத்தேன். எழுத்துகள் பளிச்! 150% போன்ற பின்ன அளவுக்கென்றே 2022-இல் வேலண்டுக்குத் தனி நெறிமுறை வந்தது, கம்போசிட்டர் 1.5 என்று சொன்னால் செயலியே அந்த அளவில் வரைந்து தருகிறது.

ஒரு எச்சரிக்கை: மாறியவுடன் தமிழ்99 தட்டச்சு நின்றுபோனது. வேலண்ட் ஐஎம்இ (தட்டச்சு உள்ளீட்டு முறை) விருப்பத்தையும் அதே கட்டளையில் சேர்த்த பிறகுதான் திரும்ப வந்தது.