கடலின் சராசரி உப்பு 35 என்று யார் அளந்தது?

வெள்ளவத்தை_அப்பா:
மகள் ஏ.எல். படிக்கிறாள். கடல்நீரில் கிலோவுக்குச் சராசரி 35 கிராம் உப்பு என்று எங்கே பார்த்தாலும் போட்டிருக்கிறது. களனி கங்கை விழுகிற முகத்துவாரத்தில் ஒரு ருசி, காலிமுகத்திடலில் இன்னொரு ருசி, பிறகு உலகம் முழுவதற்கும் ஒரே எண்ணை எப்படிச் சொல்கிறார்கள்? ஒரு லீட்டரை வற்றக் காய்ச்சி நிறுத்தால் போதாதா?

சோதனைக்குழாய்:
போதாது அண்ணா. அடியில் மிஞ்சுகிற மகனீசியங் குளோரைட்டு ஈரத்தை விடாது, இன்னும் சூடாக்கினால் அதில் ஒரு பகுதி ஐதரசன் குளோரைட்டு வாயுவாகப் பறந்துவிடும். ஆகவே ஆட்கள் வேறு வழி பிடித்தார்கள். சேலஞ்சர் என்ற பிரித்தானிய ஆய்வுக் கப்பல் 1872 முதல் 1876 வரை உலகைச் சுற்றிக் கொண்டுவந்த நீரில் 77 மாதிரிகளை டிட்மார் என்ற இரசாயனவியலாளர் பகுத்துப் பார்த்தார். உப்பு கூடினாலும் குறைந்தாலும் அதிலுள்ள அயன்களின் விகிதம் கிட்டத்தட்ட மாறவே இல்லை. அப்படியென்றால் குளோரைட்டை மட்டும் அளந்தால் மற்றதெல்லாம் கணக்கில் வந்துவிடும். கடல்நீரில் காட்டியாகக் கொஞ்சம் குரோமேற்றைச் சேர்த்து, வெள்ளி நைத்திரேற்றைச் சொட்டுச் சொட்டாக விட வெள்ளையாகப் படியும், நிறம் செங்கல் நிறத்துக்குத் திரும்பியதும் நிறுத்த வேண்டும். மகள் ஆய்வுகூடத்திலேயே செய்யலாம். வந்த குளோரின் அளவை 1.80655 ஆல் பெருக்கட்டும், மொத்த உப்பின் அளவு வந்துவிடும்.

ஆழ்கடல்77:
அது பழைய முறை. இப்போது மின்கடத்துதிறன், வெப்பநிலை, அழுத்தம் மூன்றையும் அளந்து கணக்கிடுகிறார்கள், 1978 அளவுத்திட்டம் அதுதான். ஆர்கோ மிதவைகள் ஏறக்குறைய 4000 கடலில் திரிகின்றன. பத்து நாளுக்கு ஒருமுறை 2000 மீற்றர் ஆழத்திலிருந்து அளந்துகொண்டே மேலே வந்து செய்மதிக்கு அனுப்பும். செய்மதியே நேராகவும் அளக்கும், ஆனால் மேற்பரப்பை மட்டும்தான்.

சராசரி என்றால் கரையோரத்தில் அள்ளியதை எல்லாம் கூட்டிப் பிரிப்பதல்ல, கன அளவுப்படி பார்க்க வேண்டும். கடலின் சராசரி ஆழம் சுமார் 3700 மீற்றர். அடியில் கிடக்கிற அந்தப் பெருந்தண்ணீர் பெரும்பாலான இடங்களில் 34.6, 34.9 என்றுதான் நிற்கிறது. அதனால்தான் மொத்தச் சராசரி 34.7 அளவில் வருகிறது, 35 என்பது வசதிக்காகச் சொல்வது. முகத்துவாரம் எல்லாம் இதில் ஒரு துளி.

வெள்ளவத்தை_அப்பா:
சரி, அப்போ காலிமுகத்திடலில் எடுத்தால் 35 வருமா?

ஆழ்கடல்77:
மாதத்தைப் பொறுத்தது. வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்தில் வங்காள விரிகுடாவின் உப்புக் குறைந்த நீர் தெற்கே சுற்றி மேற்குக் கரைப் பக்கம் வரும். தென்மேல் காலத்தில் அரபிக்கடலின் உப்பு நீர் வரும், ஆனால் அப்போதுதான் களனியும் பெருக்கெடுக்கும். மழை பெய்த கையோடு மட்டும் எடுக்காதீர்கள்.