ஹராரில் ஒரு வீட்டுச் சுவரும் அதில் தொங்கும் கூடைகளும்

எத்தியோப்பியாவின் கிழக்கு மேட்டுநிலத்தில், கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,900 மீட்டர் உயரத்தில் உள்ள ஹராருக்கு மதிலைப் பார்க்கத்தான் போனேன். இங்கே எழுத விரும்புவதோ, அந்த மதிலுக்குள் ஒரு வீட்டுக் கூடத்தில் கழிந்த முற்பகலைப் பற்றி. அங்கே நான் செய்த ஒரு பிழையையும் சொல்ல வேண்டும். இனிப் போகிறவர்களுக்கு அது உதவும்.

அடிஸ் அபாபாவிலிருந்து டிரே தாவாவுக்கு விமானம், அதன்பின் மலைச்சாலையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் பயணம். மதிலையும் அது சூழ்ந்த பழைய ஊரையும் ஜுகோல் என்ற ஒரே சொல்லால் அழைக்கிறார்கள். சுமார் மூன்றரை கிலோமீட்டர் நீளமுள்ள அந்தக் கல்மதிலை 16ஆம் நூற்றாண்டில் ஊரை ஆண்ட அமீர் நூர் இப்னு முஜாஹித் எழுப்பினார் என்பது ஊரார் எல்லோரும் சொல்லும் வரலாறு. பழைய வாயில்கள் ஐந்து. உள்ளே ஒரு சதுர கிலோமீட்டருக்கும் குறைவான பரப்பில் 82 பள்ளிவாசல்களும் 102 அடக்கத்தலங்களும் இருக்கின்றன. பள்ளிவாசல்களில் மூன்று 10ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. 2006இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. இந்த எண்களைப் படித்துவிட்டுப் போன நான் உயர்ந்த மினாராக்களை எதிர்பார்த்திருந்தேன். பெரும்பாலான பள்ளிவாசல்கள் சந்துக்குள் ஒடுங்கிய, ஓர் அறை அளவே உள்ள சின்னஞ்சிறு கட்டடங்கள். ஒன்றை வீடு என்றே எண்ணிக் கடந்து போனேன். உள்ளிருந்து பாங்கு ஒலித்தபோதுதான் திரும்பிப் பார்த்தேன்.

இரண்டாம் நாள், தங்குமிடத்துக்காரர் தமக்குத் தெரிந்த ஒரு வீட்டில் கூடை பின்னும் அம்மையாரைப் பார்க்க ஏற்பாடு செய்து, மூன்று மணிக்கு வரச் சொன்னார். பிற்பகல் மூன்று என்று எண்ணிக்கொண்டு காலையில் சாவகாசமாக இருந்த என்னை ஒன்பது மணிக்கு ஆளனுப்பி அழைத்தார்கள். எத்தியோப்பியாவில் பகல்பொழுதை விடியலிலிருந்து எண்ணுகிறார்கள். நம் காலை ஒன்பது அவர்களுக்கு மூன்று. போகிறவர்கள் இதை மறக்க வேண்டாம்.

ஹராரின் பழங்குடிகளான ஹராரி மக்களின் மொழியில் அவர்களுடைய மரபு வீட்டுக்கு கே கார் என்று பெயர். 'கே' என்றால் ஊர், அதாவது ஹரார். தெருவிலிருந்து பார்த்தால் வெறும் சுவரும் ஒரு கதவும்தான். முற்றத்தைத் தாண்டிக் கூடத்துக்குள் நுழைந்ததும் படிப்படியாக உயரும் திண்ணைகள் செந்நிறப் பூச்சில் பளபளத்தன. இவற்றை நதபா என்கிறார்கள். வீட்டுத் தலைவருக்கு, கற்றறிந்தவர்களுக்கு, இளையவர்களுக்கு என்று ஒவ்வோர் உயரத்துக்கும் ஓர் இடமுறை உண்டு. அந்தச் செந்நிறம் 1887இல் செலென்கோ போரில் மடிந்தவர்களின் குருதியை நினைவூட்டுவது என்று அம்மையாரின் பேத்தி சொன்னாள். அந்தப் போருக்குப் பின்புதான், பின்னாளில் எத்தியோப்பியப் பேரரசரான இரண்டாம் மெனலிக்கின் படை ஊருக்குள் நுழைந்து, அமீர்களின் ஆட்சி முடிந்தது. தன் பாட்டியின் பாட்டி காலத்துத் துக்கத்தை அந்தப் பெண் நேற்று நடந்ததுபோலச் சொன்னாள்.

சுவர் முழுவதும் கூடைகள்: தட்டையான பெரிய தட்டுகள், கூம்பு மூடி போட்ட பேழைகள், உள்ளங்கையளவுச் சிமிழ்கள். சிவப்பு, பச்சை, கறுப்பு, பொன்வைக்கோல் நிறம் எல்லாம் நடுவிலிருந்து விளிம்புவரை நட்சத்திரமாகவும் படிக்கட்டாகவும் விரிந்தன. நம் பனையோலைப் பெட்டிபோல் இவை குறுக்கும் நெடுக்குமாக முடையப்பட்டவை அல்ல. ஒரு பிடிப் புல்லைக் கயிறுபோல் உள்ளீடாக வைத்து, அதன்மேல் மெல்லிய சாயப் புல்லைச் சுற்றி, குத்தூசியால் முந்தைய சுற்றில் துளையிட்டுக் கோத்து இறுக்குகிறார்கள். சுருள் அப்படியே வட்டமாக வளர்கிறது. அம்மையார் என் கண்ணெதிரே முக்கால் மணி நேரம் வேலை செய்தார். வளர்ந்தது என் விரல் நீளத்துக்கும் குறைவு. ஒரு பெரிய தட்டு முடிய மாதங்கள் ஆகும் என்பதை அப்போது என் கண்ணே நம்பியது.

காப்பிப் பழத்தின் உலர்ந்த தோலைப் பாலுடன் காய்ச்சிய ஹோஜா என்ற பானம் தந்தார்கள். அதைக் குடித்துக்கொண்டே, சுவரின் உச்சியில் இருந்த நிறம் மங்கிய ஒரு தட்டைக் காட்டி விலை கேட்டேன். பேத்தி அதை மொழிபெயர்க்கத் தயங்கினாள். பிறகு சொன்னாள். அம்மையார் ஊசியைக் கீழே வைத்தார். கோபம் எதுவும் இல்லை. அந்தத் தட்டை இறக்கச் சொல்லி, மடியில் வைத்து, விரலால் சுற்றுகளை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினார். அது அவருடைய தாயார் பின்னியது. எந்தச் சுற்றில் எத்தனை தையலுக்குப் பின் நிறம் மாற வேண்டும் என்பது எங்கும் எழுதிவைக்கப்படவில்லை, அந்தத் தட்டிலேயே இருக்கிறது. சிறுமியாக இருந்தபோது அதை எண்ணித்தான் அவர் கற்றார். இப்போது பேத்தி எண்ணிக்கொண்டிருக்கிறாள்.

நான் விலை கேட்டது அவர்களுடைய பாடநூலுக்கு. வெட்கத்தோடு மன்னிப்புக் கேட்டேன். அவர் சிரித்து, வாசலருகே இருந்த புதியவற்றைக் காட்டினார். ஒரு சிறு சிமிழை அவர் சொன்ன விலைக்கே வாங்கினேன். ஹராரின் கடைகளில் பழைய கூடைகளை அரும்பொருளாக விற்பதையும் பின்னர் பார்த்தேன். என் வேண்டுகோள் இதுதான்: பழையதை வாங்காதீர்கள், புதியதைப் பின்னியவரின் கையிலிருந்தே வாங்குங்கள். பழையது சுவரை விட்டு இறங்கினால் அடுத்த பெண் எதை எண்ணுவாள்?

~

மேலே எழுதியவர் கூடையில் கண்டதை நான் சுவடிகளில் கண்டேன். ஊருக்குள் ராஸ் தஃபாரி இல்லம் என்ற மரவேலைப்பாடு மிகுந்த மாளிகை இருக்கிறது. பின்னாளில் பேரரசர் ஹைலே செலாசியாக முடிசூடியவர் தம் இளமையில் அங்கே தங்கியதால் அந்தப் பெயர். அதைக் கட்டியவர் ஓர் இந்திய வணிகர் என்று அறிந்தபோது, தூணையும் பலகணியையும் மறுபடி ஒருமுறை சுற்றிப் பார்த்தேன். இப்போது அது ஷெரீப் ஹரார் நகர அருங்காட்சியகம். ஹரார் தானே அச்சடித்த நாணயங்கள், வாள்கள், ஆடைகள், அவற்றுடன் வரிசை வரிசையாகக் கையெழுத்துக் குர்ஆன்கள்.

நான் போன அன்று ஓர் இளைஞர் தரையில் அமர்ந்து, தோல் அட்டை கழன்ற ஒரு சுவடிக்குப் புது முதுகு தைத்துக்கொண்டிருந்தார். இந்த அட்டைகளுக்கு இடப்பக்கத்தில் ஒரு மடிப்பு நாக்கு உண்டு. மூடும்போது அது ஏடுகளின் ஓரத்தைத் தழுவிக்கொள்ளும். முற்காலத்தில் ஹரார் நூற்கட்டுக்குப் பேர் போன ஊர். நடுவில் அற்றுப்போன அந்தத் தொழிலைப் பழைய அட்டைகளைப் பிரித்துப் பார்த்தே மறுபடி கற்றதாக அவர் சொன்னார். ஒரு படம் எடுக்கலாமா என்று கேட்டேன். கை ஓயும் வரை பொறுக்கச் சொன்னார். பொறுத்தேன், நெடுநேரம். அந்தக் காத்திருப்பில்தான் ஊசி எப்படி மடிப்புக்குள் போகிறது என்று பார்க்க முடிந்தது.

~

நான் போனது இஸ்லாமிய நாள்காட்டியின் ஷவ்வால் மாதத்தில். ரமலானுக்குப் பின் நோற்கும் ஆறு நோன்புகள் முடிந்ததும் ஹராரி மக்கள் ஷுவாலித் என்ற விழாவைக் கொண்டாடுகிறார்கள். 2023இல் யுனெஸ்கோ இதையும் தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. அடக்கத்தலங்களில் இரவு முழுக்க திக்ர், அதாவது இறைவனை நினைந்து கூட்டாகப் பாடி ஓதுவது. பறையும், இரு கைகளிலும் தட்டும் மரக்கட்டைகளும்தான் கருவிகள்.

அன்று பகலில் மகினா கிர்கிர் தெருவில் இருந்தேன். தையல் இயந்திரத்தின் ஓசையே அந்தத் தெருவுக்குப் பெயராகிவிட்டது. இருபுறமும் வாசலில் இயந்திரத்தைப் போட்டு ஆண்கள் தைக்கிறார்கள். துணியை அங்கேயே வாங்கிக் கொடுத்தால் காத்திருக்கும்போதே உடுப்பாகிவிடும். கிழிந்த என் பையை ஒரு முதியவர் தைத்துக் கொடுத்தார். நான் கொடுத்த பிர் பணத்தில் பாதியைத் திருப்பித் தந்துவிட்டார். இரவு திக்ர் நடுவில், கண்ணை மூடி எல்லோருக்கும் முன்னால் குரலெடுத்துப் பாடிக்கொண்டிருந்தவர் அவர்தான். மரக்கட்டைகள் மோதிய தாளத்தில் அவருடைய வலது கால் மட்டும், பகலில் இயந்திரத்தின் மிதியை அழுத்தியதுபோலவே, மேலும் கீழும் அசைந்துகொண்டிருந்தது.