சேமியா நெளியுது

(பெரம்பூர் குடும்பம் வாட்ஸ்அப் குரூப், ஞாயிறு காலை)

அம்மா: விக்கி எங்கடா இருக்க. ஃப்ரிட்ஜ்ல காய்கறி ட்ரேல இருந்த டப்பா என்னது

அம்மா: வறுத்த சேமியானு நினைச்சு எடுத்து மேடைல வச்சேன். வெங்காயம் நறுக்கிட்டு திரும்பி பாத்தா சேமியா நெளியுது

மீனா அத்தை: ஐயய்யோ அண்ணி

சித்தப்பா: வாணலில போடறதுக்கு முன்னாடி பாத்தீங்களே அண்ணி ஹாஹாஹா

விக்கி: அம்மா கொட்டிடாத ப்ளீஸ்!! அது மீல்வொர்ம் மா, டிங்குவோட சாப்பாடு. குளிர்ல அசையாம கிடக்கும், வெளிய எடுத்தா நம்ம ஊர் சூட்டுக்கு கொஞ்ச நேரத்துல முழிச்சிக்கும், அதான்

அம்மா: என் ஃப்ரிட்ஜ்ல புழு தூங்குது. எவ்ளோ சாதாரணமா சொல்றான் பாரு

சித்தப்பா: அந்த ஆஸ்திரேலியா ஓணானுக்கா? வேலில போற ஓணான எடுத்து வேட்டிக்குள்ள விட்டுக்காதனு அன்னிக்கே சொன்னேன்

விக்கி: பியர்டட் டிராகன் சித்தப்பா

சித்தப்பா: தாடி வச்சாலும் ஓணான் ஓணான்தான்

அனு அக்கா: டேய் நானே கேக்கணும்னு இருந்தேன். என் அரோவானா மீனுக்கு கொளத்தூர்ல மீல்வொர்ம்னு சொல்லி ஒரு டப்பா குடுத்தாங்க, ஃப்ரிட்ஜ்ல வச்சா ரெண்டே நாள்ல கருத்து போய் மொத்தமும் செத்துடுச்சு

விக்கி: எவ்ளோ நீளம் இருந்துச்சுக்கா

அனு அக்கா: சுண்டு விரல் அளவு

விக்கி: அது சூப்பர்வொர்ம். மீல்வொர்ம் ஒரு இன்ச், மிஞ்சி போனா கொஞ்சம் கூட. சூப்பர்வொர்ம் குளிர் தாங்காது, வெளியதான் வைக்கணும்

அனு அக்கா: அடப்பாவி காசு போச்சே. சரி நீ எப்படி வளக்கற சொல்லு, வாரா வாரம் வாங்கி கட்டுப்படி ஆகல

விக்கி: ஈஸிக்கா. மாட்டுத்தீவன கடைல கோதுமை தவிடு ஒரு கிலோ வாங்கி வழுவழுனு இருக்கற பிளாஸ்டிக் ட்ரேல ரெண்டு இன்ச் போடு, வழுவழுனு இருந்தா ஏறி வெளிய வராது. தண்ணி வைக்கவே கூடாது, கேரட் துண்டு போட்டா ஈரம் அதுலயே கிடைச்சிடும், ஆனா வாடறதுக்குள்ள எடுத்துடணும் இல்லனா பூசணம். புழு கொஞ்ச நாள்ல வெள்ளையா கூட்டுப்புழு ஆகும், அத தனியா எடுத்துடு ஏன்னா மத்த புழு அதையே தின்னும். அதுலேர்ந்து கருப்பு வண்டு வரும், அத இன்னொரு ட்ரேல விட்டா தவிட்டுல முட்டை போடும், முட்டை கண்ணுக்கே தெரியாது அதனால பழைய தவிட்ட அவசரப்பட்டு கொட்டிடாத, வண்ட மட்டும் மாத்து. முட்டைலேர்ந்து வண்டு வரைக்கும் எப்படியும் மூணு நாலு மாசம் ஆகும்

மீனா அத்தை: படிக்கறப்பவே உடம்பெல்லாம் ஊறுது

அனு அக்கா: சென்னை வெயில்ல தாங்குமா

விக்கி: அங்கதான் அடி வாங்கினேன். போன மே மாசம் லாஃப்ட்ல வச்சு ஒரு ட்ரே புல்லா காலி. 25லேர்ந்து 28 டிகிரிதான் அதுக்கு சுகம். இப்போ என் கட்டிலுக்கு அடில தரையோட வச்சிருக்கேன். மழை காலத்துல வேற தொல்லை, தவிடு நமுத்து பொடி பொடியா உண்ணி வந்துடுச்சு, தூசி நகர்ற மாதிரி இருக்கும்

அம்மா: கட்டிலுக்கு அடிலயா???

விக்கி: 🙏

சித்தப்பா: மாட்டிக்கிட்டான்

அனு அக்கா: அப்போ ஃப்ரிட்ஜ்ல எதுக்கு

விக்கி: வளர்ச்சி நிக்கும், சீக்கிரம் வண்டாகாது. வாரம் ஒரு தடவை வெளிய எடுத்து கேரட் குடுத்துட்டு திரும்ப உள்ள. டிங்குக்கு போடறதுக்கு முதல் நாள் நல்லா தின்ன விட்டு, கால்சியம் பவுடர்ல புரட்டிதான் போடுவேன், புழுல கால்சியம் ரொம்ப கம்மி. அதுவும் எண்ணி நாலஞ்சுதான், வளந்த டிராகனுக்கு கீரைதான் மெயின். இது அதுக்கு மிக்சர் மாதிரி

மீனா அத்தை: பாட்டி கேக்கறாங்க, அந்த வண்டு பறந்து வீடெல்லாம் வருமாம்

விக்கி: றெக்க இருக்கு ஆனா பறந்து நான் பாத்ததே இல்ல பாட்டி. ரவைல வருமே சின்னதா செவப்பு வண்டு, அதோட பெரியப்பா முறை. ஒரே குடும்பம்

அம்மா: போதும். டப்பா மேல கொட்டை எழுத்துல புழுனு எழுதி ஒட்டு. பழைய டிபன் டப்பால இனிமே வைக்காத

விக்கி: சரி மா. டிபன் என்ன

அம்மா: ரவை உப்புமா

அனு அக்கா: பெரியப்பா வீட்டு ஆளுங்க யாராவது இருக்கப் போறாங்க சித்தி

அம்மா: ரெண்டு தடவை சலிச்சுட்டேன் போடி