சோள பிரெட்: மெஷினை ரெண்டாவது தடவை பிசைய விடலாமா?

கோபிக்காரம்மா:
நேற்று ஒருத்தர் இங்கே எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. "குளூட்டன் இல்லாத பிரெட்டுக்குத் தனி வித்தை எதுவும் கிடையாது. பிரெட் மெஷினில் சாதாரண பிரெட் பட்டனை அழுத்துங்கள், ரெண்டு தடவை பிசைந்தால் பஞ்சு மாதிரி வரும்" என்கிறார். ஏனுங்க, அது கோதுமைக்குங்க! கோதுமை மாவு அதிலிருக்கும் குளூட்டன் என்கிற புரதத்தால் ரப்பர் மாதிரி இழுபடும், உப்பினதை அமுக்கினாலும் மறுபடி எழும். அரிசி மாவும் வெள்ளைச் சோள மாவும் அப்படியா? பிடிப்புக்குச் சேர்க்கும் இசப்கோல் உமி கஷ்டப்பட்டுப் பிடித்து வைத்திருக்கும் காற்றை மெஷின் மறுபடி கிண்டி விட்டால் போனது போனதுதான். என் மகளுக்குச் சீலியாக், குளூட்டன் சாப்பிட்டால் குடலைக் கெடுக்கும் நோய். நாலு வருஷமாக வாரம் ரெண்டு பிரெட் சுடுகிறேன். ஒரு பிசைதல், ஒரு உப்பல், அப்புறம் நேராகச் சூடு.

அன்னூர்க்காரன்:
அந்த "ஒருத்தர்" நான்தான். பெயரைச் சொல்லியே திட்டலாம். எங்கள் வீட்டில் ரெண்டு தடவை பிசைந்த பிரெட்டைத்தான் எல்லோரும் சாப்பிடுகிறார்கள்.

கோபிக்காரம்மா:
பசித்தால் சாப்பிடத்தான் செய்வார்கள். போன வாரம் நீங்கள் போட்ட போட்டோவைப் பார்த்தோமே, நாய்க்குட்டி படுத்து எழுந்த மாதிரி நடுவில் குழி.

பல்லடத்தான்:
குறுக்கே பேசுகிறேன். குளூட்டன் என்றால் சரியாக என்ன? அதை முதலில் பேசிவிட்டால் நல்லது.

அன்னூர்க்காரன்:
குழி விழுந்தது தண்ணீர் அதிகமானதால். பிசைதலால் இல்லை.

கோபிக்காரம்மா:
தண்ணீர் மேல் பழியா? 400 கிராம் மாவு, 20 கிராம் இசப்கோல் பொடிக்கு நான் 430 மில்லி ஊற்றுகிறேன், குழி விழுவதில்லை. இது சப்பாத்தி மாவு மாதிரி உருண்டு நிற்காது, வடை மாவைவிடக் கொஞ்சம் தளர்ச்சியாக இருக்கும். பிசையும்போது மூடியைத் திறந்து, மூலையில் ஒட்டின வறட்டு மாவை ரப்பர் கரண்டியால் வழித்து விட்டீர்களா? பிசைந்து முடிந்ததும் கையை நனைத்துக்கொண்டு அடியில் இருக்கும் அந்தச் சின்ன இறக்கையை உருவி எடுத்தீர்களா? எடுத்திருந்தால் ரெண்டாவது தடவை எதை வைத்துப் பிசையும்? சில மெஷினில் இதற்கென்றே தனி பட்டன் இருக்கிறது. இல்லையென்றால் முதல் பிசைதலோடு நிறுத்திவிட்டு, உப்பினதும் 'பேக்' மட்டும் போடணும்.

ஊத்துக்குளியார்:
எங்கள் ஊர் வெண்ணெய் தடவினால் எந்தப் பிரெட்டும் இறங்கும். அப்புறம், கொஞ்சம் ரவை சேர்த்தால் குழி விழாது.

கோபிக்காரம்மா:
ரவையும் கோதுமைதானுங்க. சாமி, காப்பாத்து.

சிறுவாணித்தண்ணி:
இவ்வளவு பேசுகிறவர் போன மாசம் அரிசிம்பருப்பு சாதத்துக்குப் பெருங்காயம் போடச் சொன்னாரே? கடைக் கூட்டுப் பெருங்காயத்தில் மைதா கலப்பது தெரியாதா? சோளத்தை அரைப்பதும் மில்லில்தானே? முன்னால் நின்றவர் கோதுமை அரைத்திருந்தால்?

கோபிக்காரம்மா:
அரிசி மாவு கலந்த பெருங்காயம் பார்த்து வாங்குகிறேன். மில் வாசலையே மிதிப்பதில்லை, மிக்ஸியில் அரைத்துச் சலிக்கிறேன். கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் 'குளூட்டன் இல்லாதது' என்று விற்கவே நம் நாட்டு விதி விடாது. மில் கல்லில் ஒட்டியிருப்பதை எந்தத் தராசில் நிறுப்பது? சரி, பேச்சை மாற்றாதீர்கள். ரெண்டாவது பிசைதலுக்குப் பதில் எங்கே?

அன்னூர்க்காரன்:
அரிசிம்பருப்புக்குப் பெருங்காயமா! இவர்தான் எனக்குப் பிரெட் சொல்லித் தருகிறார்.

சிறுவாணித்தண்ணி:
அதைத்தானே அன்றைக்கே சொன்னேன். பூண்டு தட்டிப் போட்டால் போதும் என்றதற்கு என்னை என்ன பேச்சுப் பேசினார்கள்.

கோபிக்காரம்மா:
ஓ, பூண்டுக் கணக்கை இங்கே தீர்க்கிறீர்களா? தீருங்கள். ரெண்டாவது தடவை பிசையக் கூடாது, அவ்வளவுதான்.

பல்லடத்தான்:
குளூட்டன் என்றால்...

அன்னூர்க்காரன்:
ஞாயிற்றுக்கிழமை ரெண்டு தடவை பிசைந்து சுட்டுப் போட்டோ போடுகிறேன்.

கோபிக்காரம்மா:
மேலே மட்டும் எடுத்துப் போடாமல் குறுக்கே அறுத்துப் போடுங்கள். முழுசாக ஆறின பிறகு அறுக்கணும், சூட்டோடு அறுத்து உள்ளே பசையாக இருந்தால் அதற்கும் தண்ணீரைத்தான் சொல்வீர்கள்.

அன்னூர்க்காரன்:
அறுக்க எங்கள் வீட்டிலும் கத்தி இருக்குதுங்க.