மறு: பேக்கிங் பிளேட்டுக்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

நெய்தல்:

வணக்கம். வீட்டிலேயே கட்டக்கூடிய 18 அடி ஒட்டுப்பலகை (பிளைவுட்) மீன்பிடி வள்ளத்துக்கான கையேட்டில் சாமான் பூட்டும் அத்தியாயம் வந்திருக்கிறது. ஏரா (அடிமரம்), வங்கு (விலாச்சட்டம்), அணியம் (முன்முனை), அமரம் (பின்பக்கம்) என்று வள்ளத்தின் உடல் பாகங்களுக்குக் கடற்கரையே சொல் வைத்திருக்கிறது. கிளீட்டையும் (கயிறு கட்டும் கொம்பு) போல்ட்டையும் அப்படியே விட்டுவிடலாம், கடையில் கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். போல்ட் போய் வெளிவரும் மறுபக்கத்தில் வைக்கும் தகட்டுக்குத்தான் (backing plate) சொல் இல்லை. வரைவில் 'பின்தகடு' என்று போட்டிருக்கிறது. கருத்து சொல்லுங்கள்.

உளி:

பின்தகடு வேண்டாம். மேல்தளத்தில் பூட்டினால் அது அடியில் இருக்கும். அமரப் பலகையில் பூட்டினால் படகுக்கு உள்பக்கம் இருக்கும். எது பின், எது முன் என்பது நிற்கிற இடத்தைப் பொறுத்தது. அதைவிடப் பெரிய குறை, அந்தத் தகடு எதற்கு என்பதைச் சொல் காட்டிக்கொடுக்கவில்லை. கைக்குக் கிடைத்த தகரத்தை வெட்டி வைத்துவிட்டு 'பின்தகடு போட்டாச்சு' என்பார்கள்.

அதன் வேலை இழுவையைப் பரப்புவது. எம்8 (8 மி.மீ.) போல்ட்டின் சாதாரண வாசர் 16 மி.மீ. விட்டம். துளையைக் கழித்தால் மரத்தில் அழுந்தும் பரப்பு சுமார் 145 சதுர மி.மீ., நாலு போல்ட்டுக்கும் சேர்த்து 580. அதே நாலு போல்ட்டுக்கும் 200க்கு 80 மி.மீ. தகடு ஒன்று வைத்தால் 15,700க்கு மேல் வரும், ஏறக்குறைய 27 மடங்கு. இது தகடு வளையாமல் இருந்தால் மட்டும்தான். 1 மி.மீ. தகடு நட்டைச் சுற்றிக் குழிந்துவிடும், பரப்பு இருந்தும் பயனில்லை. துருப்பிடிக்காத எஃகு என்றால் 4 மி.மீ., அலுமினியம் 6, கடல்தர ஒட்டுப்பலகை 12 முதல் 18 என்று வைத்துக்கொள்ளலாம். தகடு போல்ட் வரிசையைத் தாண்டி எல்லாப் பக்கமும் 25 மி.மீ.யாவது நீளட்டும். ஓரத்தைச் சரித்து, மூலைகளை உருட்டிவிட வேண்டும். கூர்மையான ஓரம் இருந்தால் அந்தக் கோட்டிலேயே ஃபைபர் பூச்சு கீறும்.

தகடு இல்லாத கிளீட் ஒரே நாளில் பிய்ந்துவிடாது. அலையில் வள்ளம் வெட்டி இழுக்க இழுக்க வாசருக்கு அடியிலுள்ள மரம் நசுங்கும், நட்டு இளகும், கிளீட் ஆடும், அதன் அடியில் நீர் புகாமல் பூசிய பசை விட்டுப்போகும், துளை வழியாக நீர் ஒட்டுப்பலகையின் அடுக்குகளுக்குள் இறங்கும். அதற்குப் பிறகு வாசரோடு சேர்ந்து போல்ட் மேலே வந்துவிடுவது இன்றோ நாளையோ நடப்பதுதான்.

என் பரிந்துரை 'அண்டைத்தகடு'. வண்டிச் சக்கரத்துக்குக் கல்லை அண்டை கொடு என்கிறோமே, அந்த அண்டை.

சோளகம்:

> இடத்தை வைத்துப் பெயரிட்டால் குழப்பம்

முழுக்க ஒப்புக்கொள்ள ஏலாது. படகின் வெளியே மாட்டும் அவுட்போர்ட் மோட்டருக்கு இலங்கையில் வெளியிணைப்பு இயந்திரம் என்கிறோம். அதுவும் இடத்தை வைத்து வந்த பெயர்தான், ஒருவரும் குழம்பவில்லை. அண்டை என்றதும் அண்டை வீடு, அண்டை நாடுதான் எங்களுக்கு நினைவில் வரும். சரிகிற வேலிக்கு நாங்கள் முண்டு கொடுக்கிறது. 'முண்டுத்தகடு' எப்படி?

சொல் எதுவானாலும் கையேட்டில் துளை போடும் முறையையும் சேர்த்து எழுதுங்கள். தகடு எவ்வளவு நல்லதாக இருந்தாலும் துளை ஊறினால் வீண். எம்8 போல்ட்டுக்கு முதலில் 12 மி.மீ. துளை. அடியில் டேப் ஒட்டி, வெறும் எபொக்சிப் பிசினை ஊற்றி மரம் குடிக்க விட வேண்டும். பிறகு சிலிகா தூள் கலந்து கெட்டியாக்கிய எபொக்சியால் நிரப்பி, இறுகிய பின் அதன் நடுவில் 8.5 மி.மீ. துளை. இப்போது போல்ட் மரத்தைத் தொடாது. துளையின் மேல்வாயை ஒன்றிரண்டு மி.மீ. சரித்துவிட்டால் பசை அங்கே வளையமாகத் தங்கும், சப்பையாக நசுங்கி வெளியே போகாது. போல்ட் தலையை அசையாமல் பிடித்துக்கொண்டு நட்டை மட்டும் திருக வேண்டும். போல்ட் சுற்றினால் அந்த வளையம் அறுந்துபோம்.

குமரிமுனை:

ஐயா, முண்டுத்தகடு என்று அச்சிட்டால் குமரிக் கரையில் சிரிப்பார்கள். இங்கே முண்டு இடுப்பில் கட்டுவது! 1980-களில் ஒட்டுப்பலகை வள்ளம் பரவிய கரை இது. வேறு எங்கே வாசகர் இல்லாவிட்டாலும் இங்கே இருப்பார்கள்.

சாமானுக்கு அடியில் நீர் புகாமல் பூசும் பசை பற்றி ஒரு வரி. சிலிகான் விலை குறைவு, கடைக்காரர் முதலில் எடுத்துத் தருவதும் அதுதான். ஆனால் அது பட்ட இடத்தில் பின்னால் பெயின்ட்டும் எபொக்சியும் பிடிக்காது. பாலிசல்ஃபைடு நல்லது, ஆனால் அக்ரிலிக், பாலிகார்பனேட் போன்ற பிளாஸ்டிக்கைக் கெடுக்கும். ஒட்டினால் பெயர்க்கவே முடியாத பாலியுரேத்தேன் வகை, நாளைக்குக் கழற்ற வேண்டிய சாமானுக்கு ஆகாது. இதைக் 'கலப்பத்துப் பசை' என்று சொல்லலாமா என்று தனிமடலில் ஒருவர் கேட்டார். கலப்பத்து பலகை இடுக்கில் பஞ்சு திணித்து அடைப்பது. இரண்டையும் கலக்க வேண்டாம், பசை என்றாலே போதும்.

நெய்தல்:

'சுமைபரப்பி' என்றும் ஒரு முன்மொழிவு வந்திருக்கிறது. பொருள் துல்லியம்தான், ஆனால் பட்டறையில் யார் வாயிலும் நுழையாது. 'முட்டுத்தகடு' என்றால் எதுவோ வந்து இடிக்காமல் தடுப்பது போலக் கேட்கிறது.

உளிக்கு ஒரு கேள்வி. அண்டை கொடுப்பது அடியிலிருந்து தாங்குவது. கிளீட்டில் கயிறு மேலே அல்லவா இழுக்கிறது?

உளி:

கயிறு மேலே இழுக்கும்போது போல்ட் தகட்டை இழுத்துக்கொண்டு போய்த் தளத்தின் அடியில் அழுத்துகிறது. தளத்தின் பார்வையில் அது அடியிலிருந்து கொடுத்த அண்டையேதான். அண்டை நாட்டுக் குழப்பம் ஒருமுறை படத்தோடு பார்த்தால் தீர்ந்துவிடும்.

உலோகத்தையும் விளக்கத்தில் சேருங்கள். 316 ரக எஃகில் 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் உண்டு, 304-இல் அது சேர்ப்பதில்லை, உப்பில் சீக்கிரம் குழி விழும். காந்தம் வைத்து இரண்டையும் பிரித்தறிய முடியாது, பில்லைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். 316-உம் ஈரமான மரத்துக்குள் காற்றுப்படாமல் கிடந்தால் அரிக்கும். மேலே பளபளப்பாக இருக்கும் போல்ட் உள்ளே பாதியாகியிருக்கும். அலுமினியத் தகடு என்றால் எஃகு போல்ட் நேராகத் தொடக்கூடாது, நைலான் உறையும் வாசரும் இடையில் வேண்டும். இல்லாவிட்டால் தகடு வெள்ளைப் பொடியாக உதிரும். எஃகு நட்டை உலர்வாக வேகமாகத் திருகினால் மரையோடு மரை கவ்விக்கொண்டு வராது, மரையில் கவ்வல்தடுப்புக் களிம்பு கொஞ்சம் தடவ வேண்டும்.

சோளகம்:

சரி, முண்டை விட்டுவிடுகிறேன். ஆனால் அணியத்து இழுவளையத்துக்குத் தகடு மட்டும் சரிவராது. அங்கே உள்பக்கம் கூராக ஒடுங்கி இருக்கும், தட்டையான தகடு இரண்டு ஓரத்தில் மட்டும் தொட்டு நிற்கும். கரையில் இழுக்கும்போது முழு வள்ளத்தின் பாரமும் அந்த ஒரு வளையத்தில்தான். அந்த இடுக்குக்கு ஏற்ற மாதிரி வன்மரக் கட்டையைச் சீவி, எபொக்சியில் பதித்து, அதன் தட்டையான முகத்தில்தான் தகடும் நட்டும் வர வேண்டும். இதற்கும் அண்டைத்தகடு என்றே எழுதுவீர்களா?

நெய்தல்:

இல்லை. அது அண்டைக்கட்டை. ஒட்டுப்பலகையில் வெட்டினால் அண்டைப்பலகை, உலோகமானால் அண்டைத்தகடு. அணியத்துப் படத்தில் கட்டையையும் தகட்டையும் தனித்தனியாகக் குறித்துவிடுகிறேன். நட்டுக்கு அடியில் வருவது வாசர்தான், அதற்குச் சொல் தேட வேண்டாம்.